ஒன்பது நாள் பதில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் வாடிக்கையாளர் உறவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தானாகப் பதில் அனுப்பும் மென்பொருளைப் போட்டுவிட்டால் வாடிக்கையாளரை ஒரு நொடிகூடக் காக்கவைக்க வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. 17 வருடமாக வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதையே வேலையாகச் செய்து வருகிறவள் நான். அந்தக் கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது கேட்கும் கருவிகளை விற்று, பழுதும் பார்த்துத் தரும் ஒரு நிறுவனத்தின் சேவைப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் வருகிற யாரும் செவித்துணைக் கருவி என்றெல்லாம் சொல்வதில்லை, காது மெஷின்தான். மெஷின் கெட்டுப்போனால் அவர்களால் எங்களுக்குப் போன் செய்ய முடியாது. செய்தாலும் நாங்கள் சொல்லும் பதில் காதில் விழாது. அதனால் எழுதுகிறார்கள். வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில், இன்னும் சிலர் தாளில் எழுதி அதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மற்ற தொழில்களில், அவசரம் என்றால் போன் பண்ணிக் கேட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். எங்களால் விட முடியாது. எழுதியதற்கு எழுத்தில் பதில் போகவில்லை என்றால், அந்த மனிதர் அன்று முழுக்க வீட்டில் யார் பேசுவதும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பதில் சீக்கிரம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ‘புது பேட்டரி போட்டும் மெஷின் வேலை செய்யவில்லை’ என்று அடிக்கடி எழுதுவார்கள். இந்த மெஷின்களில் பெரும்பாலும் போடுவது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் பேட்டரி. அதன் முதுகில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 10ஆம் எண்ணுக்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். அதை உரித்தால்தான் சின்னத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய் மின்சாரம் வரும். உரித்த கையோடு மூடிவிடாமல் ஒரு நிமிடம் வெளியே வைத்திருக்கவும் வேண்டும். சிலர் உரித்தவுடன் போட்டு மூடிவிடுகிறார்கள், சிலர் ஸ்டிக்கரை உரிப்பதே இல்லை. ‘பேட்டரியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேட்போம். படம் வந்ததும் விஷயம் தெரிந்துவிடும். அஞ்சு நிமிடத்தில் அவருக்குக் காது கேட்கும். நாங்கள் சும்மா இருந்திருந்தால் அவர் மறுநாள் வேலைக்கு லீவு போட்டு, துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு, அந்த ஸ்டிக்கரை உரிப்பதற்காக எங்கள் வாசலில் வந்து நின்றிருப்பார்.

‘மெஷின் கத்துகிறது’ என்பது இன்னொன்று. காதுக்குள் போகவேண்டிய சத்தம் வெளியே கசிந்து, திரும்ப மைக்குக்கே போனால் கீச்சென்று கத்தும். காதின் அளவெடுத்துச் செய்து காதுக்குள் பொருத்தும் மோல்டு தளர்ந்திருக்கலாம், காதில் குரும்பி அடைத்திருக்கலாம். ‘சாப்பிடும்போதும் வாயைத் திறக்கும்போதும் மட்டும் கத்துகிறதா, சும்மா இருக்கும்போதுமா?’ என்று கேட்டு எழுதுவேன். தாடை அசையும்போது காதின் உள்வடிவம் கொஞ்சம் மாறும், அப்போது மட்டும் கத்தினால் என் கவனம் முதலில் மோல்டு மேல் போகும். கேள்வி சின்னதுதான். ஆனால் அதைப் படிக்கிறவருக்கு, தான் எழுதியதை யாரோ முழுசாகப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. ‘தங்கள் செய்திக்கு நன்றி, உங்கள் நலனே எங்கள் நோக்கம்’ என்று அனுப்பினால் அது தெரியாது.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்பு, 70 வயது தாண்டிய ஓர் அம்மா தன் வலது காது மெஷினைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். ஜாப் நம்பர் போட்டு வாங்கி வைத்தோம். ஒரு திங்கட்கிழமை காலை, ‘என் மெஷின் என்ன ஆச்சு?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அடுத்த வாரம் புதன்கிழமை அவரே நேரில் வந்தார், பேரனைக் கூட்டிக்கொண்டு. அந்த 9 நாளும் எங்களிடமிருந்து ஒரு வார்த்தை போகவில்லை.

அவர் சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேஜை மேல் விரித்து வைத்தார். கோடு போட்ட நோட்டு, கொஞ்சம் நடுங்கிய எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் கிழமையும் நேரமும் இருந்தது. ‘திங்கள் 10.20. அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துவிட்டது.’ ‘செவ்வாய் 11 மணி. பேரன் போன் செய்தான். அடித்து நின்றது.’ ‘வியாழன் 9.45. மறுபடி அனுப்பினேன். ப்ளூ டிக்.’ அதற்குக் கீழே வெள்ளிக்கிழமை வரி: ‘நான் எழுதியது புரியவில்லையோ என்று பேரனிடம் காட்டினேன். புரிகிறது என்றான்.’

அந்த வரியை நான் இன்னும் மறக்கவில்லை. தப்பு எங்களுடையது. அந்த அம்மாவோ தன் எழுத்தில் தப்பு இருக்குமோ என்று பார்த்திருக்கிறார்.

காது கேட்காதவர்கள் தங்கள் குரலே தங்களுக்குக் கேட்காமல் சத்தமாகப் பேசுவார்கள். அவரும் அப்படித்தான் பேசினார், காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஏம்மா, மெஷின் சரியாக இன்னும் ஒரு மாசம் ஆகும்னா ஆகட்டும். நான் எழுதினது உங்களுக்கு வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்ல என்ன கஷ்டம்?” நான் பேடில் ‘மன்னிச்சுக்கோங்கம்மா’ என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து, எப்படி இது நடந்தது என்று பேசினோம். மெஷினுக்கு உள்ளே போடவேண்டிய ரிசீவர் என்ற பாகம் கம்பெனியிலிருந்து வரவேண்டியிருந்தது, வரவில்லை. திங்கட்கிழமை செய்தியை முதலில் பார்த்தது நான்தான். பாகம் எப்போது வரும் என்று டெக்னீஷியனுக்குத்தான் தெரியும், அவர் பதில் சொல்வார் என்று விட்டுவிட்டேன். அவரும் பார்த்திருக்கிறார். கவுண்டரில் இருப்பவர்கள்தானே வழக்கமாக எழுதுகிறார்கள், எழுதிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண், ஏற்கெனவே திறந்து படித்த செய்தி என்பதால் யாரோ பதில் சொல்லியாயிற்று என்று தாண்டிப் போயிருக்கிறாள். ஒரே போனை மூன்று பேர் கையில் வைத்திருந்தோம். மூன்று பேருமே வேலையில் அலட்சியமானவர்கள் இல்லை. ஆனாலும் பதில் போகவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது, என் மனசில் இருந்தது அது. சொல்வதற்கு ஏதாவது கிடைத்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். பாகம் வரட்டும், தேதி தெரியட்டும், அப்புறம் நல்லபடியாக ஒரு பதில் போடலாம் என்று. பதில் சொல்லாமல் விடும் நிறுவனங்களில் பலவற்றில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். முழுப் பதில் கைக்கு வரும்வரை வாயைத் திறப்பதில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் காத்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் ப்ளூ டிக் வந்தது. அதற்கு முன்பு, செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் அனுப்பியவருக்குத் தெரியும். இன்னும் பார்க்கவில்லை போல என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது படித்துவிட்டும் பேசாமல் இருக்கிறார்கள் என்பது நீல நிறத்தில் கண்ணெதிரே தெரிகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் மாற்றியது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. வருகிற ஒவ்வொரு செய்தியும் ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் பேரில் ஏற வேண்டும். அவர் உடனே எழுத வேண்டும்: ‘நீங்கள் எழுதியது கிடைத்தது. நான்தான் பார்க்கிறேன். நாளை மாலை 5 மணிக்குள் எழுதுகிறேன்.’ கீழே அவர் பெயர். மறுநாள் 5 மணிக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் எழுதியே ஆக வேண்டும்: ‘பாகம் இன்னும் வரவில்லை. அடுத்து வெள்ளிக்கிழமை 11 மணிக்கு எழுதுகிறேன்.’ ‘விரைவில்’, ‘கூடிய சீக்கிரம்’, ‘ஆவன செய்யப்படும்’ என்ற மூன்றையும் எங்கள் பிரிவில் எழுதக் கூடாது என்று வைத்துவிட்டோம். விரைவில் என்றால் எழுதுகிறவருக்கு ஒரு வாரம், படிக்கிறவருக்கு நாளைக் காலை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், புகார்களைக் கையாள்வதற்கென்றே ஐஎஸ்ஓ 10002 என்ற சர்வதேசத் தரம் 2004 முதல் இருக்கிறது. புகார் வந்து சேர்ந்ததை உடனே புகார் செய்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

டெக்னீஷியனிடம் ஒரு தேதியை வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. “தேதி சொல்லி அது தவறினா என்னைத்தானே திட்டுவாங்க” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி தெரிந்தது. மெஷின் என்றைக்குச் சரியாகும் என்பது அவர் கையில் இல்லை. அடுத்து என்றைக்கு எழுதுவோம் என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது. அதை மட்டும் சொல்வோம், சொன்னதைக் காப்பாற்றுவோம். இதற்கு அவர் உடனே ஒத்துக்கொண்டார். இன்றைக்கு எங்கள் பிரிவில் ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதுகிறவர் அவர்தான்.

வேகத்தைவிடச் சொன்ன சொல் பெரிது என்பது என் அனுபவம் மட்டும் இல்லை. பரசுராமன், சீத்தாமல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள், ஒரு சேவை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று வாடிக்கையாளர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1988இல் அதை ஐந்து அம்சங்களாகத் தொகுத்தார்கள். உடனே உதவ முன்வருவது அதில் ஒன்று. ஆனால் அவர்கள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வந்தது, சொன்னதைச் சொன்னபடி செய்யும் நம்பகத்தன்மைதான். டேவிட் மைஸ்டர் என்பவர் காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி 1985இல் எழுதியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரிந்து காத்திருப்பதைவிட, தெரியாமல் காத்திருப்பது நீளமாகத் தெரியும். காரணம் சொல்லாத தாமதம், காரணம் சொன்ன தாமதத்தைவிட நீளமாகத் தெரியும். இதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் நோட்டுத்தான் ஞாபகம் வந்தது. காரணமும் தெரியாமல், நாளும் தெரியாமல் இருந்த 9 நாள் அது.

இதில் புதுசு ஒன்றும் இல்லை என்றும் தோன்றுகிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் பலகை இருக்கிறது. இன்றைய இராக்கில், பழைய மெசபடோமியாவின் ‘ஊர்’ என்ற நகரத்தில் கிடைத்தது, ஏறக்குறைய கி.மு. 1750ஐச் சேர்ந்தது. நன்னி என்பவர் ஏயா நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய புகார் கடிதம். சொன்ன தரத்தில் செம்பு தரவில்லை என்று ஆரம்பிக்கிறார். ஆனால் அவர் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு. என் ஆட்களை உன்னிடம் அனுப்பினேன், பகைவர் நாட்டைத் தாண்டி வந்தவர்களைப் பல தடவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாய், என்னை என்னவென்று நினைத்தாய் என்கிறார். 3,700 வருடத்துக்கு மேல் ஆகிறது. செம்பு தரமில்லாமல் இருந்ததைவிட, தன்னை மதிக்கவில்லை என்பதுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது. மெஷின் சரியாக ஒரு மாசம் ஆகட்டும் என்று எங்கள் அம்மா சொன்னதும் இதைத்தான்.

இனி முதலாளிகளுக்கு. இதையெல்லாம் சொன்னால், ஆள் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கள் நிறுவனத்திலும் கேட்டார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி தாளில் போட்டுக் காட்டினார். டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இத்தனை அழைப்பு வந்தால் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதை 1909லும் 1917லும் வெளியிட்ட கட்டுரைகளில் சூத்திரமாகவே தந்துவிட்டார். இன்றும் கால் சென்டர்களில் ஆள் கணக்குப் போடுவதற்கு அதுதான் அடிப்படை.

ஒரே ஆள் பதில் சொல்கிறார், ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். சிலருக்கு 2 நிமிடம், சிலருக்கு 10 நிமிடம். அழைப்புகளும் சீராக வருவதில்லை, மொத்தமாகவும் வரும், வராமலும் இருக்கும். அந்த ஆளுக்கு வேலை நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், அழைப்பவர் சராசரியாக 20 நிமிடம் காத்திருப்பார். 90 சதவீதம் நிரம்பினால் 45 நிமிடம். 95 சதவீதம் நிரம்பினால் 95 நிமிடம். வேலை அஞ்சு சதவீதம் ஏறியதும் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஆளைச் சும்மா உட்கார விடாமல் பிழிந்து வேலை வாங்கினால் மிச்சம் என்று நினைக்கிற இடத்தில்தான் வரிசை வாசல்வரை நிற்கிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு வரிசையை வைத்துக்கொள்ளாமல், ஒரே பொது வரிசையிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால், அதே 90 சதவீதத்தில் 45 நிமிடம் ஏறக்குறைய 21 ஆகிறது. புதிதாக ஆள் எடுக்காமலே.

எங்களுக்கு இன்னொன்றும் புரிந்தது, அதுதான் கடைசியில் முதலாளியைச் சம்மதிக்க வைத்தது. எங்களுக்கு வந்த செய்திகளில் பெரும்பங்கு புதிய விஷயமே இல்லை. ‘என்ன ஆச்சு’, ‘பார்த்தீர்களா’, ‘மறுபடி அனுப்பியிருக்கிறேன்’, ‘போன் எடுக்கவில்லையே’. அந்த அம்மா நாலு முறை எங்களைத் தேடினார், நாலும் ஒரே கேள்விக்காக. நாங்கள் பதில் சொல்லாததால்தான் அந்தச் செய்திகள் வந்தன, அவை வந்ததால் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லாமல் போனது. முதல் செய்திக்கு ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். நாளும் நேரமும் சொல்லி எழுத ஆரம்பித்த சில வாரத்தில், விசாரித்து வரும் செய்திகள் கண்ணால் பார்க்கும் அளவுக்குக் குறைந்தன. ஆள் போதவில்லை என்று சொல்கிற எந்த முதலாளியும் முதலில் தன் செய்திப் பெட்டியைத் திறந்து, இரண்டாவது தடவையாகவும் மூன்றாவது தடவையாகவும் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அந்த மென்பொருள் விஷயம். நான் அதற்கு விரோதி இல்லை. ராத்திரி 11 மணிக்கு, பேட்டரி எந்த நிறம் என்று கேட்பவருக்கு மென்பொருள் பதில் சொன்னால் நல்லதுதான், அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் 1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எலிஸா என்ற உரையாடல் நிரலை எழுதியபோதே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. நாம் சொன்னதையே அது கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அதற்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் அதோடு பேசியவர்கள், அது தங்களைப் புரிந்துகொண்டு பேசுவதாக நம்பினார்கள். அதை எழுதியவரையே அது கவலைப்பட வைத்தது. இன்றைய மென்பொருள்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனால் மென்பொருள் ‘புரிகிறது, வருந்துகிறோம்’ என்று எழுதியபிறகு, அந்த வருத்தத்துக்குப் பொறுப்பாக ஒரு மனிதர் பின்னால் இல்லை என்றால், அந்த வாடிக்கையாளர் நம்பி ஏமாறுகிறார்.

எனக்கே நடந்தது. ஒரு நிறுவனத்தில் வாங்கிய பொருள் உடைந்து வந்தது. உரையாடல் பெட்டியில் ஆர்டர் எண்ணைக் கொடுத்து, உடைந்த படத்தையும் அனுப்பினேன். நொடியில் பதில் வந்தது, ஒரு பிரதிநிதிக்கு மாற்றுகிறோம் என்று. அந்தப் பிரதிநிதி மறுபடி ஆர்டர் எண்ணைக் கேட்டார், மறுபடி படம் கேட்டார். அவர் இன்னொருவருக்கு மாற்றினார், அவரும் கேட்டார். மூன்று பேருமே மரியாதையாகத்தான் எழுதினார்கள், ஒருவர்கூட ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. மூன்றாம் தடவை அந்த எண்ணை அடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொருள் பெரிசில்லை. சொன்னதை யாருமே கேட்டுக்கொள்ளவில்லை என்ற சலிப்பு. அதனால்தான் எங்கள் இடத்தில், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறினால், முன்னால் நடந்த பேச்சை முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ‘நீங்கள் செவ்வாய்க்கிழமை சொன்னதைப் படித்தேன்’ என்றுதான் ஆரம்பிப்போம்.

கெட்ட செய்தியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல செய்தி என்றால் கை தானாக ஓடுகிறது, கெட்டதைத்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறோம். போன வருடம் ஒரு பள்ளிக்கூடப் பையனின் மெஷினுக்குள் தண்ணீர் போய், உள்ளே இருந்த சர்க்யூட் அரித்துவிட்டது. சரி செய்ய முடியாது என்று மதியமே தெரிந்துவிட்டது. அதை அவன் அப்பாவுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் ஒரு நாள் தள்ளினால் அந்தப் பையனுக்கு வகுப்பில் ஒரு நாள் பாடம் கேட்காது. ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன்: என்ன ஆனது, ஏன் முடியாது, புது மெஷின் வரும்வரை தற்காலிகமாக ஒன்றை நாளைக் காலை 9 மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. அவர் கோபமாகத்தான் பதில் எழுதினார், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். மறுநாள் 9 மணிக்குப் பையனோடு வந்தார். தற்காலிக மெஷினோடு பையன் நேராகப் பள்ளிக்கூடம் போனான்.

கோபமாக எழுதுகிறவர்களைப் பார்த்துப் பயப்படுகிற புதிய ஊழியர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதியதன் சாரம் அது. ஒரு நிறுவனம் பிடிக்காமல் போனால் ஆட்கள் ஒன்று விலகிப்போவார்கள், இல்லாவிட்டால் குரல் கொடுப்பார்கள். விலகிப்போகிறவர் ஏன் போனார் என்று நமக்குத் தெரியவே வராது. குரல் கொடுக்கிறவர் இன்னும் நம்மிடம் ஏதோ எதிர்பார்க்கிறார், அதனால்தான் எழுதுகிறார். அந்த அம்மா நோட்டோடு வந்ததும் அப்படித்தான். வேறு இடத்துக்குப் போயிருந்தால் நாங்கள் இன்றைக்கும் அதே மாதிரிதான் இருந்திருப்போம். அதே சமயம், பதில் எழுதுகிற பிள்ளைகளை முதலாளிகளும் விட்டுவிடக் கூடாது. ஒரு சின்ன முடிவை எடுக்கக்கூட அதிகாரம் தராமல், வசவை மட்டும் வாங்கிக்கொள்ள ஒருத்தியை முன்னால் உட்காரவைப்பது ரொம்பக் கொடுமை. பாகம் என்றைக்கு வரும் என்று கேட்டால் அவளுக்கு உள்ளே யாராவது பதில் சொல்ல வேண்டும். உள்ளே பதில் வராத நிறுவனத்திலிருந்து வெளியே எப்படிப் பதில் போகும்?

ஆசிரியர் அவர்களே, உங்கள் வணிகப் பக்கத்துக்கு என் ஒரே வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஒரு நிறுவனம் எத்தனை நொடியில் பதில் அனுப்புகிறது என்று எழுதும்போது, அந்தப் பதிலில் யாருடைய பெயர் இருக்கிறது என்றும், அடுத்து எப்போது எழுதுவோம் என்று சொல்கிறார்களா என்றும், சொன்னபடி எழுதுகிறார்களா என்றும் கேட்டு எழுதுங்கள்.

அந்த அம்மா இன்னும் எங்களிடம்தான் வருகிறார். போன வாரம் எழுதியிருந்தார், மெஷின் கத்துகிறதாம். சாப்பிடும்போது மட்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மோல்டு தளர்ந்த மாதிரி இருக்கிறது, புதுசுக்கு அளவெடுக்க வேண்டியிருக்கும், வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு வாருங்கள், நான்தான் இருப்பேன் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: ‘சரிம்மா. நோட்டில் எழுதிக்கொண்டேன்.’

இப்படிக்கு,
காது மெஷின் சேவைப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி